சுடுஞ் சொற்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



தமிழ் படிப்பிக்கும் ஒருவன் இன்று ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் முன் வந்திருக்கிறேன். கடும் வெப்பத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் சொற்களே இன்றைய பேச்சின் பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். அலுவல் இருக்கிறது. நாம் நாள்தோறும் வாசிக்கின்ற, கேட்கின்ற செய்திகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வருவது. அப்படிப் பெயர்ப்பவர்களின் கை தடுமாறும் இடங்களுள் வெப்பமும் குளிரும் முக்கியமானவை.

ஒருமுறை உயர்தர வகுப்பிலே, 'வெளிநாட்டுத் தூதுக்குழுவினருக்குச் சூடான வரவேற்பு அளிக்கப்பட்டது' என்றிருந்த ஒரு பத்திரிகைத் துணுக்கை வாசித்துக் காட்டினேன். 'அப்ப கல்லெறி விழுந்திருக்கும் சேர்' என்றான் பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த மாணவன் தமிழை விளங்கிக்கொண்ட முறை முற்றிலும் சரியானது. தமிழிலே ஒருவருக்குச் 'சூடாகக் கொடுத்தேன்' என்றால் அது வரவேற்பாகாது. செய்தியை எழுதியவர் ஆங்கிலத்தின் 'வோர்ம்' என்ற சொல்லைக் கண்டார்; அகராதியில் அதற்கு நேரே இருந்த சொல்லை எடுத்து வைத்தார். அந்தச் சொல் பிறந்த ஊரின் குளிரை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்பர்களே, இங்கிலாந்து குளிர் நாடு. ஆண்டின் அரைப் பங்குக்கு மேல் அடுப்பங்கரையைத் தேடி ஒதுங்கும் மக்களின் மொழி அது. ஆகவே அங்கே இளஞ்சூடு என்பது அன்பு. அன்புள்ளவனின் நெஞ்சு வெதுவெதுப்பானது. நல்ல நண்பனின் கைகுலுக்கல் வெதுவெதுப்பானது. கடிதத்தின் முடிவிலே எழுதும் வாழ்த்தும் வெதுவெதுப்பானது. மாறாக, குளிர் என்பது அங்கே அன்பின்மை. முகங்கொடுத்துப் பேசாதவன் குளிர்ந்தவன். ஈவிரக்கமின்றிக் கொலை செய்பவன் குளிர்ந்த குருதி உடையவன்.

நம் மொழியில் இது தலைகீழாக நிற்கிறது. பிள்ளையைக் கண் குளிரக் கண்டோம் என்கிறோம். நல்ல செய்தி கேட்டு வயிறு குளிர்ந்தது என்கிறோம். இறைவனின் அருளைத் தண்ணளி என்கிறோம். இரக்கமுள்ள நெஞ்சை ஈர நெஞ்சு என்கிறோம். வயிற்றெரிச்சல், மனக்கொதிப்பு, கடுப்பு என்று வெப்பத்தின் பக்கத்திலே துன்பங்களையும் தீய குணங்களையும் வைத்திருக்கிறோம். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் ஆலயங்களிலே வைகாசி மாதத்தில் நிகழும் திருக்குளிர்த்தியை நேயர்கள் அறிவீர்கள். மதுரையை எரித்தவளின் சினம் தணிந்து, அவள் உள்ளம் குளிர்ந்து, ஊருக்கு மழையும் நலமும் அருள வேண்டும் என்பதே அச்சடங்கின் கருத்து. சினத்தை வெப்பமாகவும் அருளைக் குளிர்ச்சியாகவும் கண்ட ஒரு சமூகத்தின் மொழியிலே 'சூடான வரவேற்பு' என்றால் மாணவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

இனி, வெதுவெதுப்பைத் தாண்டிக் கடும் வெப்பத்துக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் வெப்பத்துக்குரிய அடிப்படைச் சொல் 'ஹொட்'. பழைய ஆங்கிலக் காலந்தொட்டே வழங்கும் சொல் இது. அடுப்பிலிருந்து இறக்கிய தேநீரும் 'ஹொட்' தான். பச்சை மிளகாயும் 'ஹொட்' தான். நாம் ஒன்றைச் சூடு என்றும் மற்றொன்றை உறைப்பு என்றும் பிரித்துச் சொல்வோம். இவ்விடயத்தில் ஆங்கிலம் வறுமைப்பட்டது என்று நான் நெடுங்காலம் மாணவர்களுக்குச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. ஆனால் அறிவியல் வேறொரு செய்தியைத் தந்திருக்கிறது. மிளகாயின் உறைப்பை உணரும் நரம்பு வாயிலும், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயிலும் ஒன்றே என்று அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் காட்டினர். அவருக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசிலே பங்கு கிடைத்தது. நாக்கு மிளகாயையும் நெருப்பையும் ஒரே வாசலால் உள்ளே எடுக்கிறது. ஆங்கிலத்தின் ஒரு சொல் உடம்பின் உண்மையைச் சொல்கிறது. தமிழின் இரு சொற்கள் சுவையின் உண்மையைச் சொல்கின்றன. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

'ஹொட்' போதாதபோது ஆங்கிலேயர் எங்கே போகிறார்கள்? முதலில் குசினிக்குள் நுழைகிறார்கள். நீர் கொதிப்பதைக் குறிக்கும் 'பொயிலிங்', போறணையில் பாண் வேகுவதைக் குறிக்கும் 'பேக்கிங்', இறைச்சியை வாட்டுவதைக் குறிக்கும் 'ரோஸ்டிங்', எண்ணெயிற் பொரியும் ஓசையிலிருந்து வந்த 'சிஸ்லிங்' ஆகியன யாவும் வெயிலுக்கும் வழங்கும். இது நமக்குப் புதிதன்று. வெயில் வறுத்தெடுக்கிறது என்கிறோம். காற்றில்லாத இரவிலே 'அவிஞ்சு போனன்' என்கிறோம். வகுப்பிலே ஆசிரியர் மாணவனை வறுத்தெடுப்பதும் உண்டு. ஆங்கிலத்திலும் ஒருவரைத் துருவித் துருவி விசாரிப்பதற்கு நெருப்பில் வாட்டுதலைக் குறிக்கும் 'கிரில்' என்ற சொல்லையே ஆளுகின்றனர். குசினியைக் கொண்டு வெயிலையும் வெயிலைக் கொண்டு மனிதர் கோபத்தையும் அளப்பது இரு மொழிக்கும் பொதுவான வழக்கம்.

குசினிக்கு அடுத்தது கொல்லன் பட்டறை. இரும்பு 500 பாகை செல்சியசைக் கடந்ததும் இருளிலே மங்கலான சிவப்பாகத் தெரியத் தொடங்கும். மேலும் ஊத, மஞ்சளாகி, 1,300 பாகையை அண்மிக்கையில் வெண்மையாகும். ஆகவே ஆங்கிலத்தில் சிவந்த சூட்டைவிட வெள்ளைச் சூடே பெரிது. இதை அறியாமல் 'வைற் ஹீற்' என்ற தொடரைத் தமிழாக்க முயன்றால் இடறுவோம். 1963 ஒக்டோபரிலே பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன், ஸ்காபரோ நகரில் நடந்த கட்சி மாநாட்டிலே அறிவியற் புரட்சியைப் பற்றிப் பேசியபோது இந்த வெள்ளைச் சூட்டையே உருவகமாக்கினார். அந்த நெருப்பிலேதான் புதிய பிரித்தானியா வார்க்கப்படும் என்பது அவர் கருத்து. நாம் வெண்மையைக் கேட்டதும் நிலவையும் பாலையும் நினைப்போம். அங்கே பட்டறையை நினைக்க வேண்டும். கடுஞ்சினத்தைக் குறிக்கும் 'இன்கன்டெசன்ட்' என்ற சொல்லும் இத்தகையதே. வெண்மையாய் ஒளிர்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. மெழுகுதிரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரின் பிள்ளைகளே. உரோமிலே பதவி நாடியவர்கள் வெண்மையூட்டிய ஆடை அணிந்து வாக்குக் கேட்டனர்.

இலத்தீன் என்றதும் வேறு சில சொற்களும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தின் கற்றோர் வழக்கில் உள்ள வெப்பச் சொற்கள் பல இலத்தீனிலிருந்து வந்தவை. 'ஆர்டன்ட்' என்றால் தீவிர ஆர்வமுள்ள என்று பொருள். அதன் வேர்ப்பொருள் எரிதல். வீட்டுக்குத் தீ வைக்கும் குற்றத்தின் ஆங்கிலப் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. ஆக, தீவிர வாசகனும் தீ வைப்பவனும் சொல்லளவிலே உறவினர். 'ஃபேர்வன்ட்' என்ற சொல் உருக்கமான வழிபாட்டுக்கும் வேண்டுதலுக்கும் வழங்கும். அதன் வேர்ப்பொருள் கொதித்தல். சோடாப் போத்தலிலே நுரைத்துப் பொங்குவதைக் குறிக்கும் சொல்லும் அதே வேர்.

இன்னொன்று நம்மவர்க்கு மிகவும் சுவையானது. ஆர்வமற்ற, அரைகுறையான வரவேற்பை ஆங்கிலேயர் 'டெப்பிட்' என்பார்கள். ஆறிப்போன வெந்நீரின் சூடு அது. இச்சொல்லின் இலத்தீன் வேரும், சமஸ்கிருதத்தின் தபஸ் என்ற சொல்லின் வேரும் ஒன்றே என்பர் மொழியியலார். தபஸ் என்பதன் முதற்பொருள் வெப்பம். அதிலிருந்தே நம் தவம் வந்தது. ஒரே வேர் ஒரு திசையிற் போய் முனிவரின் மூலக்கனலானது. மறு திசையிற் போய் ஆறிய தேநீரானது.

இவற்றுக்கெல்லாம் மாறாக, அமைதியைக் குறிக்கும் 'காம்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். அது கிரேக்கத்தில் வெப்பத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பதே சொற்பிறப்பியலாரிற் பெரும்பாலாரின் கருத்து. மத்தியதரைக் கடலோரத்து நண்பகலிலே வெயில் ஏற, தொழில் நின்று, காற்றும் ஓய்ந்து ஊரே அடங்கும் வேளையை அது குறித்தது. அந்த ஓய்வே பின்னர் அமைதி என்ற பொருளாயிற்று. நம்முடைய நடுப்பகல் வெயிலிலே வேப்பமர நிழலிற் சாய்ந்திருக்கும் ஒருவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

'டொரிட்' என்ற சொல் நம் தீவையும் தொட்டுச் செல்வது. இலத்தீனில் வறுத்தல், உலர்த்துதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. காலையில் உண்ணும் 'டோஸ்ட்' என்ற வாட்டிய பாணும் இதன் உறவே. பூமியை வலயங்களாகப் பிரித்த பழைய கிரேக்கர், நடுவே உள்ள வலயம் வெயிலால் வறுபட்டு மனிதர் வாழ ஒண்ணாதது எனக் கருதினர். அரிஸ்டோட்டிலும் அவ்வாறே எழுதினார். அந்த வலயத்தைத்தான் ஆங்கிலப் புவியியல் நூல்கள் 'டொரிட் ஸோன்' என்றன. வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே கிடக்கும் இலங்கை அதன் உள்ளேதான் இருக்கிறது. வாழ ஒண்ணாது என்று சொல்லப்பட்ட வலயத்திலே குளம் கட்டி, நெல் விளைத்து, கவிதையும் செய்தனர் நம் முன்னோர். அவ்வெப்பத்துக்கே இளவேனில், முதுவேனில் என்று பருவம் வகுத்து, பாலை என ஒரு திணையும் கண்டனர். ஒரு சொல், வெளியே நின்று பார்த்தவனின் அச்சத்தையும் சுமந்து வரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெப்பச் சொற்கள் சினத்துக்கும் மோகத்துக்கும் உருவகமாவதை எல்லோரும் அறிவோம். ஆனால் அவ்வுருவகம் ஓர் உயிரின் தலைவிதியையே தீர்மானிப்பதும் உண்டு. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி 1883இல் இயற்றப்பட்டது நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 294ஆம் பிரிவு எது கொலைக் குற்றம் என்று கூறி, சில விதிவிலக்குகளையும் தருகிறது. முன்கூட்டித் திட்டமிடாது, திடீரென மூண்ட சச்சரவிலே, உணர்ச்சியின் வெப்பத்தில் நிகழ்ந்த சாவு, சட்டம் கூறும் மற்றைய நிபந்தனைகளுக்கும் அமைந்தால், கொலைக் குற்றத்திற் குறைந்த குற்றமாகிவிடும். ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'ஹீற்' என்பதுதான். கவிஞனின் உருவகம் என நாம் எண்ணும் ஒன்று, மரண தண்டனைக்கும் சிறைத் தண்டனைக்கும் நடுவிலே கோடாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அச்சொல்லைச் 'சூடு' என்று பெயர்த்தால் சாட்சி குழம்புவார். 'ஆத்திரம் தலைக்கேறி' என்று பெயர்த்தால் விளங்கிக்கொள்வார்.

தமிழிலே வெப்பம் முழுவதும் தீயது என்று நான் கூறியதாக யாரும் கொள்ளவேண்டாம். வெம்மை என்ற சொல் விருப்பத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலிலே சொல்லியிருக்கிறார். மானமற்றவனைச் சூடு சொரணை இல்லாதவன் என்கிறோம். அங்கே சூடுதான் மானம். மேலே சொன்ன 'ஆர்டன்ட்' என்ற சொல்லுக்கு மிக அருகில் நிற்பது பழந்தமிழின் இந்த வெம்மையே. குளிர் நாட்டானும் வெயில் நாட்டானும் நெஞ்சின் விருப்பத்தை நெருப்பாகவே கண்டிருக்கிறார்கள்.

இனி, நான் கடைசிக்கு வைத்திருந்த இரண்டு சொற்கள். ஒன்று 'ஸ்வெல்டரிங்'. மற்றது 'சல்ட்ரி'. இரண்டும் காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை காயாமல், மூச்சு முட்டும் வெப்பத்துக்குரியவை. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். அக்குடும்பத்தின் மூதாதையான பழைய ஆங்கில வினைச்சொல்லின் பொருள் என்ன தெரியுமா? சாதல். நாளடைவில் சாதல் மயங்கி விழுதலாகி, மயங்கி விழுதல் வியர்த்துச் சோர்தலாகத் தேய்ந்தது. 'சல்ட்ரி' என்ற சொல்லோ இன்னும் தேய்ந்து, திரைப்பட நடிகையின் மயக்கும் பார்வைக்கும் குரலுக்கும் அடைமொழியாகிவிட்டது. குளிர் நாட்டில் இருந்துகொண்டு சாவை மறந்துவிட்ட சொல் அது.

ஆனால் அண்மைக் காலத்திலே அந்தப் பழம்பொருள் திரும்பி வந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் வெப்பத்தினால் மாண்டனர், பெரும்பாலோர் முதியவர்கள். 2022 ஜூலை 19ஆம் நாள் இங்கிலாந்தின் கொனிங்ஸ்பி என்னும் இடத்தில் 40.3 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அந்நாட்டில் 40 பாகை தாண்டியது அதுவே முதன்முறை. 1979இல் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து உடம்பு உணரும் வெம்மையைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். தம் கட்டுரைத் தலைப்பிலே அவர் ஆண்ட சொல் 'சல்ட்ரி'யிலிருந்து ஆக்கியதுதான். இன்று வெப்பச் சுட்டெண் என்று வழங்குவது அதிலிருந்து வளர்ந்தது. ஈரக்குமிழ் வெப்பமானி 35 பாகையைக் காட்டும் நிலை நீடித்தால் மனித உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என 2010இல் ஓர் ஆய்வு கூறியது. ஆரோக்கியமான இளைஞருக்குக்கூட அவ்வெல்லை அதனினும் கீழே இருக்கிறதென 2022இல் வந்த பரிசோதனைகள் காட்டின. வியர்வை காயாவிட்டால் உயிர் போகும். பழைய ஆங்கிலேயன் அறிந்து வைத்த பெயரே சரியாயிற்று.

இவ்வளவும் நிகழ்கையில், உலகுக்கு வந்த இந்தப் பேரிடருக்கு ஆங்கிலம் வைத்த பெயரைக் கவனியுங்கள். 'குளோபல் வோர்மிங்'. 1975இல் வொலஸ் புரோக்கர் என்ற அறிஞர் தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இத்தொடரை ஆண்ட பின்னர் அது மெல்லப் பரவியது. அறிவியலாருக்கு அது ஓர் அளவுச் சொல். ஆனால் குளிர் நாட்டுப் பொதுமகனின் காதிலே அது அடுப்பங்கரையின் சொல், அன்பான கைகுலுக்கலின் சொல். அச்சம் தரவேண்டிய இடத்தில் ஆறுதல் தருவது. 2023 ஜூலையிலே ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அன்ரோனியோ குட்டெரெஸ், 'வோர்மிங்' காலம் முடிந்து 'பொயிலிங்' காலம் வந்துவிட்டது என்றார். குசினிச் சொல்லைத் தேடி அவர் ஓடியதற்குக் காரணம் இந்தக் குறைதான். சொல்லளவிலே அது மிகை, கடல் கொதிக்கவில்லை. ஆயினும் மென்மையான சொல்லால் விளைந்த உறக்கத்தைக் கலைக்க அவருக்கு ஒரு வன்சொல் வேண்டியிருந்தது.

இங்கேதான் நம் மொழியின் பொறுப்பு வருகிறது. நம் வளிமண்டலவியல் திணைக்களமும் வெப்பச் சுட்டெண்ணைக் கொண்டு எச்சரிக்கைகள் விடுக்கிறது. அவ்வெச்சரிக்கை போய்ச் சேரவேண்டியவர்கள் யார்? வெங்காயத் தோட்டத்திலே நண்பகலிலும் குனிந்து நிற்பவர்கள், தார் வீதி போடுபவர்கள், தகரக் கூரையின் கீழ்ப் படுத்திருக்கும் முதியவர்கள். 'வெப்பச் சுட்டெண் உயர்வடையக்கூடும்' என்பது அவர்களில் எத்தனை பேரின் காதிலே ஏறும்? நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. அதுதான் புழுக்கம். காற்றின் வெம்மை, ஈரம், காயாத வியர்வை, மூச்சுத் திணறல் அனைத்தையும் அந்த ஒரு சொல் அடக்கும். மனப்புழுக்கம் என்று உள்ளத்தின் வேதனைக்கும் அதையே ஆளுகிறோம். 'இன்று நண்பகலில் உயிராபத்தான புழுக்கம் இருக்கும். பதினொரு மணிக்குப் பின் வெளியில் வேலை செய்ய வேண்டாம். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்' என்று வானொலி சொன்னால் எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கும். கலைச்சொல்லை நூலிலே வைத்திருப்போம். எச்சரிக்கையை மக்கள் வாய்ச்சொல்லிலே சொல்வோம்.

மொழிபெயர்ப்பிலே ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஒரு வெப்பச் சொல்லைக் கண்டால், அது அடுப்பங்கரையில் பிறந்ததா, பட்டறையில் பிறந்ததா, சாவீட்டிற் பிறந்ததா என்று முதலிற் பாருங்கள். பிறகு நம் வெயிலில் நின்று, அதே உணர்ச்சிக்கு நம் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று கேளுங்கள். வரவேற்பு என்றால் முகமலர்ச்சி என்பாள். ஆபத்து என்றால் அனல் என்றோ புழுக்கம் என்றோ சொல்வாள். அந்தச் சொல்லை எழுதுங்கள்.